தேர்தல் செய்திப் பிரிவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள கதிர்,

உன்னைத் தேர்தல் செய்திப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நீ சொன்னபோது ரொம்பப் பெருமையாக இருந்தது. அப்புறம் நீ எழுதிய முதல் செய்தியைப் பார்த்தேன். அதைப் பற்றிப் போனில் பேசினால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

அந்தப் பெண் வேட்பாளர் பல வருடமாகத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கோர்ட்டில் வழக்காடியவர். உன் செய்தியிலேயே அது இருக்கிறது, நாலாவது பத்தியில். தலைப்பில் இருந்தது அவருடைய காட்டன் சேலையும் சிரிப்பும். நல்லவிதமாகத்தானே எழுதியிருக்கிறேன் என்று நீ நினைப்பாய். எனக்கு வருத்தமே அந்த இடத்தில்தான்.

2013-ல் அமெரிக்காவில் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து வாக்காளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தின. பெண் வேட்பாளரின் தோற்றத்தைப் பற்றிச் செய்தியில் வந்தாலே அவருக்கு ஆதரவு குறைந்தது. திட்டி எழுதினாலும் குறைந்தது, பாராட்டி எழுதினாலும் குறைந்தது, சும்மா என்ன உடுத்தியிருந்தார் என்று மட்டும் எழுதினாலும் குறைந்தது. படிப்பவர் மனதில் அவர் ஆளத் தெரிந்தவர் என்ற எண்ணம் கொஞ்சம் கரைந்துவிடுகிறது. அந்த வேட்பாளரே அதைச் சுட்டிக்காட்டிப் பேசினால் இழந்த ஆதரவு திரும்பி வந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆனால் உன் தலைப்புக்குப் பதில் சொல்லவா அவர் ஓட்டுக் கேட்க வந்தார்?

ஜூலியா கில்லார்ட் கதை உனக்குத் தெரியுமா? 2005-ல் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சித் தலைமைக்கு அவர் பெயர் அடிபட்ட நேரம். வீட்டுச் சமையலறையில் அவர் உட்கார்ந்திருக்கும் படம் பத்திரிகையில் வந்தது. மேஜையில் பழம் வைக்கும் கிண்ணம் ஒன்று காலியாக இருந்தது. அவ்வளவுதான், கல்யாணம் ஆகாத, பிள்ளை இல்லாத பெண்ணின் வீடு இப்படித்தான் வெறிச்சென்று இருக்கும் என்று அந்தக் கிண்ணத்தை வைத்தே பேசினார்கள். 2007-ல் ஒரு செனட்டர், வேண்டுமென்றே பிள்ளை பெறாமல் இருப்பவர் நாட்டை நடத்தத் தகுதியானவரா என்கிற அளவுக்குப் போனார். 2010-ல் கில்லார்ட் பிரதமரானார். கிண்ணத்தில் பழம் இருந்ததா இல்லையா என்று எந்த ஆண் தலைவரின் வீட்டில் போய்ப் பார்த்தார்கள்?

நியூசிலாந்தில் ஜெசிந்தா ஆர்டன் 2017 ஆகஸ்ட் 1-ஆம் தேதி கட்சித் தலைவரானார். அன்று சாயங்காலமே டிவி நிகழ்ச்சியில் கேட்டுவிட்டார்கள், குழந்தையா பதவியா என்று. மறுநாள் காலை இன்னொரு நிகழ்ச்சியில் ஒருவர், வேலை கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று வாதாடினார். ஆர்டன் அவரை நேராகப் பார்த்து, பெண்கள் வேலையிடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை 2017-ல் ஏற்கவே முடியாது என்றார். தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம் அது. அவருடைய வீட்டுவசதித் திட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

நம் நாட்டிலும் கட்சி பேதமே இல்லாமல் நடக்கிறது. 2019-ல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் ஜெயப்பிரதாவைக் குறித்துப் பேசியதற்காகச் சமாஜ்வாதி கட்சியின் ஆசம் கானுக்குத் தேர்தல் ஆணையம் 72 மணி நேரப் பிரசாரத் தடை போட்டது. 2024-ல் ஹேமமாலினியைப் பற்றிப் பேசிய காங்கிரஸ்காரர் சுர்ஜேவாலாவுக்கு 48 மணி நேரம், மம்தாவைப் பற்றிப் பேசிய பா.ஜ.க. வேட்பாளர் அபிஜித் கங்கோபாத்யாய்க்கு 24 மணி நேரம். ஆணையம் பேசியவரின் வாயை மூடலாம். அந்த வரியைத் திரும்பத் திரும்ப ஓட விடுவது யார்? 'சர்ச்சைப் பேச்சு' என்று சிவப்பு எழுத்தில் போட்டு, மேடையில் ஒரு தடவை சொன்னதை வீட்டுக்கு வீடு கொண்டுபோவது உங்கள் தொழில்தான். கண்டனம் தெரிவிக்கும் செய்தியிலும் அதே வரி முழுசாக வருகிறது. இன்னார் பெண்ணை இழிவாகப் பேசினார், அவருக்குத் தடை விதிக்கப்பட்டது என்றாலே வாசகருக்குப் புரியும்.

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நான் நம்ம வார்டில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பத்திரிகையில் என்னைப் பற்றிச் சின்னச் செய்தி வந்தது. உன் அப்பாவின் பெயர், அவர் பார்த்த வேலை, நான் நன்றாகச் சமைப்பேன் என்பது எல்லாம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தேங்கும் சாக்கடைக்கு நான் என்ன செய்யச் சொன்னேன் என்பது இல்லை. கேட்கவே இல்லை, அப்புறம் எப்படி இருக்கும்? தோற்றதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னை எதிர்த்து நின்றவர்களிடம் சாக்கடையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

2021-ல் நம் சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள்தான் ஜெயித்துப் போனார்கள். இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் ஒவ்வொரு பெண்ணும் காட்சிப்பொருளாகத் தெரிகிறார் என்று நினைக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுச் சட்டம் 2023-ல் நிறைவேறிவிட்டது. அது நடைமுறைக்கு வரும்போது நீ இந்தத் தொழிலில்தான் இருப்பாய், உனக்குக் கீழே சின்னப் பையன்களும் பெண்களும் தலைப்பு வைக்கப் பழகிக்கொண்டு இருப்பார்கள். அவர்கள் உன் பழைய செய்திகளைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.

தலைப்பில் சேலை இருந்தால்தான் கிளிக் வரும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லலாம். உனக்கு அது சங்கடம்தான், புரிகிறது. ஆனாலும் ஒரு தடவை மறுத்துப் பார். கோர்ட்டில் அவர் நடத்திய வழக்குகளைப் பற்றி ஒரு தலைப்பு எழுதி அவர்கள் முன்னால் வை.

அந்த வக்கீல் அம்மாவை நீ திரும்பப் போய்ப் பார்க்க முடிந்தால், தோட்டத்தில் தினக்கூலி எவ்வளவு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் பட்டா ஏன் கிடைக்கவில்லை, ஜெயித்தால் முதல் வருடம் எதைச் செய்வார் என்று கேள். அவர் சொல்வதை முழுசாகப் போடு. வெளிவந்ததும் எனக்கு லிங்க் அனுப்பு, நம்ம தெருவில் எல்லாருக்கும் அனுப்புகிறேன்.

வெயில் அதிகம், கூட்டங்களுக்குப் போகும்போது தண்ணீர் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா