செயின் மேடு ஏறுறதுக்கு மட்டும் இல்ல சார், எறங்குறதுக்கும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பனிக்காலத்துல வண்டி ஓட்டுறத பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், பேட்டரி, டீசல் உறையுறது எல்லாம் நல்லா சொல்லியிருந்தாங்க, ஆனா டயர் செயினுக்கு, அதான் பனில வழுக்காம இருக்க டயர் மேல சுத்தி மாட்டுற இரும்புச் சங்கிலி, அதுக்கு ஒரே ஒரு வரி, மேட்டுல வண்டி ஏற மாட்டேங்குதுன்னா செயின் மாட்டிக்கலாம்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். பனி பெய்யுற எடத்துல பல வருஷம் டிராக்டரும் லாரியும் ஓட்டினவன் நான், அந்த வரிய நம்பி போறவங்க மேட்ட ஏறிருவாங்க, எறங்கும்போதுதான் சிக்கிப்பாங்க.

எனக்கே நடந்தது. டிராக்டர், பின்னாடி டிரெய்லர் நெறைய வெறகு லோடு. ராத்திரி பெஞ்ச பனி வண்டிங்க போயி போயி அமுங்கி கண்ணாடி மாதிரி ஆயிருந்துச்சு. ஃபோர் வீல் போட்டு, அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போற மாதிரி வச்சு ஏறினேன், சுகமா ஏறிருச்சு, செயின் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. கூட வந்த பையன் "அண்ணே, செயின் மாட்டிரலாமா"ன்னு கேட்டான், ஏறியாச்சுல்ல இனிமே எதுக்குன்னு நான்தான் சொன்னேன். உச்சிக்கு வந்ததும் பழக்கதோஷத்துல ஃபோர் வீல எடுத்துட்டு எறங்க ஆரம்பிச்சேன். பிரேக்க மிதிச்சேன், பின் சக்கரம் ரெண்டும் நின்னுருச்சு, வண்டி நிக்கல. சக்கரம் சுத்தாமயே வண்டி போயிட்டு இருக்கு, ஸ்டியரிங்க ஒடிச்சா மூக்கு திரும்பல, பின்னாடி டிரெய்லர் தள்ளிக்கிட்டே வந்து ஒரு பக்கமா சுத்துது. ஓரத்துல தள்ளி குவிச்சிருந்த பனில போய் முட்டி நின்னதால ரெண்டு பேரும் பொழச்சோம். அந்தப் பையன் மொகம் வெளுத்துப்போயி உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது.

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறமாத்தான் உக்காந்து யோசிச்சேன். நெறைய டிராக்டர்ல பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான், ஃபோர் வீல் போட்டிருந்தா முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணா கோத்துக்கும், அப்பதான் முன் சக்கரமும் பிரேக்குக்கு ஒத்துழைக்கும், நான் அத எடுத்துவிட்டு பாதி பிடிமானத்த நானே தூக்கி போட்டுட்டேன். ஐஸ் மேல ரப்பருக்கு இருக்குற உராய்வு காஞ்ச தார் ரோட்டுல இருக்குறதுல ஏழுல ஒரு பங்குதான்னு வச்சுக்கலாம், அதாவது 0.7 எங்க 0.1 எங்க. மணிக்கு 30 கிலோமீட்டர்ல போற வண்டி காஞ்ச ரோட்டுல பிரேக் புடிச்சதுல இருந்து 5 மீட்டர்ல நிக்கும்னா ஐஸ்ல 35 மீட்டர் ஓடும், அதுவும் சமதளத்துல. 100 மீட்டருக்கு 10 மீட்டர் எறங்குற சரிவுன்னா எல்லா சக்கரத்துலயும் பிரேக் இருந்தாலும் அந்த வண்டி நிக்கவே நிக்காது, சரிவு கீழ இழுக்குறதும் அந்த 0.1 பிடிமானமும் சமமாயிருது, கணக்கு அங்கயே முடிஞ்சிருது. ஏறும்போது பிடிமானம் பத்தலன்னா சக்கரம் சும்மா சுத்தும், பெரும்பாலும் வண்டி நின்ன எடத்துலயே நிக்கும், யோசிக்க நேரம் இருக்கு. எறங்கும்போது பத்தலன்னா யோசிக்க நேரமே கெடையாது. அதுனாலதான் சொல்றேன், செயின மாட்ட வேண்டியது மேட்டோட அடிவாரத்துல, கடைசி பட்சம் உச்சில, ஆனா சரிவுல கால வைக்கிறதுக்கு முன்னாடி. கிளட்ச்ச மிதிச்சு உருள விடாம சின்ன கியர்லயே, ஃபோர் வீல எடுக்காம எறங்கணும், டிராக்டர்ல ரெண்டு பிரேக் பெடலும் தனித்தனியா இருக்கும்ல, அத கொண்டி போட்டு சேத்துருக்கணும், இல்லன்னா ஒரு பக்கம் மட்டும் புடிச்சு வண்டி அப்படியே சுத்திரும்.

செயின்லயும் வகை இருக்கு, இத கட்டுரைல சொல்லவே இல்ல. ஏணி மாதிரி குறுக்கு குறுக்கா வர்ற செயின் விலை கம்மி, லாரி டயருக்கு சரி, ஆனா டிராக்டரோட பின் டயர்ல பெரிய பெரிய பட்டை இருக்குல்ல, அந்த பள்ளத்துக்குள்ள குறுக்கு செயின் போயி உக்காந்துக்கும், அப்புறம் அது தரைய கடிக்காது. ஏணி செயின் பக்கவாட்டு வழுக்கலையும் அவ்வளவா தடுக்காது. டைமண்ட் வடிவத்துல பின்னி வர்றத போட்டா பட்டை மேலயே நிக்கும், சைடுலயும் புடிக்கும், சரிவுல குறுக்கா ஓட்டுறவங்களுக்கு அதுதான் வேணும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல, பிரேக் பைப், ஹைட்ராலிக் ஹோஸ் பக்கத்துல எல்லாம் எடம் இருக்கான்னு கைய விட்டு பாத்துட்டு வாங்குங்க. முன்னாடி லோடர் வச்சு பனி அள்ளுறவங்க பின்னாடி எடை போட மறக்காதீங்க, பின்பக்கம் லேசா இருந்தா எந்த செயினும் கடிக்காது.

லாரிக்கு வர்றேன். டிரைவ் ஆக்சில்ல, அதாவது எஞ்சின் சுத்துற சக்கரங்க இருக்குற அச்சுல, ரெண்டு பக்கமும் மாட்டணும், ஒரு பக்கம் மட்டும் மாட்டினா ரெண்டு சக்கரத்துக்கும் சுழற்சிய பிரிச்சு குடுக்குற டிஃபரன்ஷியல் அத செயின் இல்லாத பக்கத்துக்கு தள்ளிவிட்டு அந்த சக்கரம் சும்மா சுத்தும். டிரைவ் சக்கரத்தோட நிறுத்திக்காம டிரெய்லர்லயும் ஒரு ஆக்சிலுக்காவது போடுங்க, முன்னாடி வண்டி புடிச்சு பின்னாடி டிரெய்லர் வழுக்கினா கத்தி மடங்குற மாதிரி மடங்கிரும். லாரில சுவிட்ச் போட்டா எஞ்சினே வண்டிய இழுத்துப் புடிக்குற எஞ்சின் பிரேக்கும் டிரைவ் சக்கரத்துல மட்டும்தான் வேலை செய்யும், ஐஸ்ல அத போட்டா காலி வண்டி இன்னும் சீக்கிரம் மடங்கும், அணைச்சிருங்க.

மாட்டுற முறை பத்தி ஒண்ணு ரெண்டு. சமதளத்துல நிறுத்தி சக்கரத்துக்கு கட்டை முட்டு குடுத்துட்டு மாட்டுங்க. கொக்கியோட வாய் டயர் பக்கம் பாத்தா டயரோட பக்கச்சுவர கிழிச்சிரும், வெளிய பாத்து இருக்கணும். காத்த எறக்கி மாட்டுறது தப்பு. மாட்டிட்டு கொஞ்ச தூரம் போயி எறங்கி மறுபடியும் இறுக்கணும், இத நூத்துல ஒருத்தர்கூட செய்றதில்லன்னு எனக்கு தோணும், லூசா இருக்குற செயின் அறுந்து மட்கார்டயும் பைப்பயும் அடிச்சு நொறுக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓட்டாதீங்க, டிராக்டர்னா அதுல பாதிகூட வேணாம், செயின் போட்டா அது காஞ்ச ரோடு ஆயிராது. பனி முடிஞ்சு வெறும் ரோடு வந்ததும் கழட்டிருங்க. முதல்ல வீட்டு வாசல்ல வெளிச்சத்துல ரெண்டு மூணு தடவ மாட்டி பழகுங்க, நடுராத்திரி பனில வெரல் மரத்துப்போன நேரத்துல கத்துக்க முடியாது.

ஹாரி வீட் (Harry Weed)ங்கறவர் 1904ல அமெரிக்காவுல இந்த டயர் செயினுக்கு காப்புரிமை வாங்கினாரு, டிரைவருங்க டயர்ல கயிறு சுத்தி ஓட்டுறத பாத்துட்டுதான் யோசிச்சாருன்னு சொல்வாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆஸ்திரியாவுல 3.5 டன்னுக்கு மேல உள்ள லாரி நவம்பர் 1ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் செயின கூடவே வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு, பனி பெஞ்சாலும் பெய்யலன்னாலும்.

அதுனால ஆசிரியர் சார், அந்த ஒரு வரிய மட்டும் அடுத்த இதழ்ல திருத்தி போடுங்க. ஏற முடியலன்னா மாட்டுங்கன்னு இல்ல, எறங்க வேண்டிய வழி இருந்தா ஏறுறதுக்கு முன்னாடியே மாட்டுங்கன்னு. கொக்கி எந்தப் பக்கம் பாக்கணும்னு ஒரு சின்ன படமும் சேத்து போட்டா புதுசா பனில வண்டி ஓட்ட வர்ற நம்ம பசங்க அத வெட்டி வண்டிலயே ஒட்டி வச்சுப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரி டிரைவர்