மூன்று மாத்திரை அட்டைகள்: தங்கை கலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலாவுக்கு,

சென்ற மாதம் உன் மகளின் வளைகாப்பன்று, புடவைக்கு ஊக்கு எடுப்பதற்காக உன் பீரோவைத் திறந்தேன். பட்டுப் புடவைகளுக்கு அடியில், நகைக்கடைப் பையொன்றில் சுற்றி வைக்கப்பட்டு, மார்பகப் புற்றுநோய்க்காக நீ சாப்பிட வேண்டிய லெட்ரோசோல் மாத்திரையின் பிரிக்கப்படாத மூன்று அட்டைகள் இருந்தன. அட்டைக்குப் பத்தாக முப்பது நாள் மருந்து. வீடு நிறைய உறவினர்கள் இருந்ததால் அன்று உன்னிடம் எதையும் கேட்காமல் பீரோவை மூடிவிட்டேன். மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது நீ அழுதுவிட்டாய். "கீமோவைத் தாங்கினேன், ரேடியேஷனைத் தாங்கினேன், இந்தச் சின்ன மாத்திரையைத் தாங்க முடியலைன்னு யாருகிட்டக்கா போய்ச் சொல்றது?" என்றாய்.

அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். உன் சம்மதத்தோடு, பெயரை மட்டும் மாற்றி, மற்றவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன். ஏனென்றால் மாத்திரையை இப்படி ஒளித்து வைத்திருப்பவள் நீ ஒருத்தி மட்டுமில்லை. நானும் ஒளித்து வைத்திருந்தேன்.

உனக்கு வந்தது ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய். உடலில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொண்டு வளரும் வகை அது. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பைகள் ஓய்ந்துவிட்டாலும் ஈஸ்ட்ரோஜன் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் வேறொரு ஹார்மோனை, கொழுப்புத் திசுக்களில் இருக்கும் அரோமடேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. உன் 2.5 மில்லிகிராம் மாத்திரை அந்த நொதியைத்தான் கட்டிப்போடுகிறது. ஆகவே வலியும் வெக்கையும் எங்கிருந்தோ வந்த தனி நோய்கள் அல்ல. உடலில் மிச்சமிருந்த ஈஸ்ட்ரோஜனும் ஏறக்குறைய வற்றிப்போவதால் மூட்டும் எலும்பும் தோலும் மூளையும் தடுமாறுவதன் விளைவுகள். உன் மனம் பலவீனமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

எனக்கு 2017-இல் இதே நோய் தெரிந்தபோது 49 வயது, மாதவிடாய் நிற்கவில்லை. அதனால் முதல் இரண்டு ஆண்டுகள் டாமாக்சிஃபென் கொடுத்தார்கள். அந்த மருந்தின் கதையை அப்போதுதான் படித்தேன். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், கருத்தடை மருந்து தேடிய ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய பொருள் அது. கருத்தடைக்கு அது உதவவில்லை. 1971-இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனை மார்பகப் புற்றுநோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகள் அதைச் சாப்பிட்ட பெண்களிடையே, பதினைந்து ஆண்டுக் கணக்கில், இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உன் லெட்ரோசோலும் அதன் வகை மருந்துகளும் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காக்கின்றன. இந்தக் கணக்கை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த நகைக்கடைப் பைக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

இனி கையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதிகம் அழுதது கைவலிக்காகத்தான்.

டாமாக்சிஃபெனிலிருந்து நானும் லெட்ரோசோலுக்கு மாறிய மூன்றாவது மாதம், ஒரு நாள் காலையில் எழுந்து காபி பில்டரின் மேல்பாத்திரத்தைத் திருகிக் கழற்றப் போனேன். கை மூடவில்லை. விரல்கள் இரவெல்லாம் யாரோ கட்டி வைத்ததுபோல் விறைத்திருந்தன. பில்டரை முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு திருகிப் பார்த்தேன். அப்போதும் முடியாமல், உன் அத்தானை எழுப்பினேன். அடுத்த வாரம் முல்லை தொடுக்கும்போது வலது மோதிர விரல் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. இடது கையால் பிடித்து நிமிர்த்தியபோது 'டக்' என்று ஒலி கேட்டது. எட்டு வயதிலிருந்து பூத்தொடுத்த கை அது. நாரை முடிச்சிட முடியாமல், மடியில் உதிரியாகக் கிடந்த பூவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பரிசோதனைக்குப் போனபோது வலிக்கிறது என்று சொன்னேன். அன்று இருந்த மருத்துவர், வயதானால் மூட்டு வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். உயிர் பிழைத்து உட்கார்ந்திருக்கிறோம், விரல் வலியையெல்லாம் பெரிதுபடுத்தலாமா என்ற கூச்சத்தில் நானும் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்தினேன். ஐந்து வாரம் எவரிடமும் சொல்லவில்லை. கை இளகியது. ஆனால் ஒவ்வொரு இரவும் அக்குளில் கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்தபடியே படுத்திருந்தேன். வலி போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் என் மருமகள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வேறொரு புற்றுநோய் மருத்துவரிடம் போனாள். நிறுத்திவிட்டேன் என்று தலை குனிந்து சொன்னேன். அவர் திட்டவில்லை. காலையில் எழுந்து எத்தனை நிமிடம் கை விறைத்திருக்கிறது, எந்தெந்த விரல், மாடிப்படி ஏறும்போதா இறங்கும்போதா வலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வலி முன்பைவிடக் குறைந்துவிட்டது என்றால் அது மருந்தால் வந்ததுதான் என்றார். எக்ஸெமஸ்டேன் என்ற வேறு மாத்திரையை எழுதினார். பிரான்சில் இப்படி ஓர் ஆய்வே நடந்திருப்பதாகப் பிறகு படித்தேன்: அனஸ்ட்ரசோல் மாத்திரையை மூட்டுவலியால் விட்டுவிட்ட பெண்களுக்கு ஒரு மாத இடைவெளி கொடுத்து லெட்ரோசோலைத் தொடங்கினார்கள், ஆறு மாதம் கழித்து நூற்றில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் அதைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளாக இருந்தும் ஒன்றைத் தாங்காத உடம்பு இன்னொன்றைத் தாங்குகிறது. நான் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்ட அதே ஐந்து வார இடைவெளியை, முன்பே வாய்திறந்து சொல்லியிருந்தால், மருத்துவரே சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கொடுத்திருப்பார், கலா. இரவுகளில் அப்படிப் பயந்து கிடந்திருக்க வேண்டியதில்லை.

மாத்திரை மாறியதும் வலி முழுவதும் போய்விடவில்லை, பாதியாகக் குறைந்தது. மீதியை நடை குறைத்தது. வலிக்கிற மூட்டோடு நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அமெரிக்காவில், இவ்வகை மாத்திரைகளால் மூட்டுவலி வந்த 121 பெண்களை வைத்து நடத்திய ஓராண்டுச் சோதனையில், வாரம் 150 நிமிடம் வேக நடையும் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்தவர்களுக்கு அவர்களது மிக மோசமான வலி 29 சதவீதம் குறைந்தது. வழக்கம்போல் இருந்தவர்களுக்குக் குறையவே இல்லை. எடை என்றதும் ஜிம்மை நினைத்துப் பயப்படாதே. நான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டில் தொடங்கினேன். ஆனால் அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த உன் இடது கையில் படிப்படியாகத்தான் எடையைக் கூட்ட வேண்டும். கை வீங்கினால் உடனே காட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, உள்ளேயே விரல்களை மடக்கி நீட்டிய பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அந்தப் பத்து நிமிடத்தில் காபிக்கு யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நீயும் சொல்.

அடுத்தது அந்தத் திகுதிகு என்ற சூடு. மார்பிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறி, இரண்டு மூன்று நிமிடத்தில் வியர்வையாய்க் கொட்டிவிட்டு, பின்னால் குளிரெடுக்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் உடற்சூட்டைக் காக்கும் பகுதி மிகச் சிறிய மாற்றத்துக்கும் பதறிப்போவதால் இப்படி ஆகிறது. பருத்தி உடை, தலையணைக்கு மேல் ஒரு துண்டு, மாலைக்குப் பிறகு காபியும் காரமும் குறைப்பது என்று எனக்குச் சிறிதளவு பலன் கிடைத்தது. அதற்கும் மேல் போனால், குறைந்த அளவு வென்லாஃபாக்சின், கபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின் போன்ற ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. வென்லாஃபாக்சின் மனச்சோர்வுக்கான மருந்தாயிற்றே என்று கூச்சப்படத் தேவையில்லை. ஒன்றைமட்டும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் பராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் இரண்டையும் தவிர்க்க வேண்டும், அவை டாமாக்சிஃபென் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுத்துவிடும். மனநல மருத்துவரிடம் போகும்போது புற்றுநோய் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அதே டாமாக்சிஃபெனில், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கவே கூடாது.

எலும்பு விஷயத்தில் நீ ஏற்கெனவே சரியாக இருக்கிறாய். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிட்டாய், கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பிடுகிறாய், கேழ்வரகுக் கூழை விடாதே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எலும்பைக் காக்கும் சோலெட்ரோனிக் அமில டிரிப் போடலாம் என்று சொன்னால், அதற்கு முன் பல் மருத்துவரிடம் போய்ப் பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடு. அந்த மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் சிறிதளவு உண்டு.

நீ தொலைபேசியில் பாதி சொல்லி நிறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் பக்கத்தில் படுத்தாலே பயமாக இருக்கிறது என்றாய். அதற்குப் பெயர் பிறப்புறுப்பு வறட்சி. இந்த மாத்திரை சாப்பிடும் மிகப் பல பெண்களுக்கு வருவது. எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று, தாம்பத்தியத்தில் வலி எல்லாம் அதன் கிளைகள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தடவும் ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்லும், உறவின்போது தடவும் வழுவழுப்பு ஜெல்லும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. மகப்பேறு மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தந்தால், உன் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதே. அவரிடம், இது மருந்தால் வந்தது, உங்கள்மேல் வெறுப்பால் வந்ததில்லை என்று சொல்லிவிடு. நான் உன் அத்தானிடம் இதைச் சொல்ல ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டேன். அந்த ஒன்றரை ஆண்டும் அவர், நான் அவரை ஒதுக்குகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த மஞ்சள் மிளகு கேப்சூலை வேண்டாம் என்று ஒதுக்கிவை. சாம்பாரில் விழும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது. செறிவூட்டி மாத்திரையாக வருபவை எதுவாயிருந்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வடக்குக் கலிபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துக் கணக்கைப் பார்த்தார்கள். நாலரை ஆண்டில் மூன்றில் ஒருவர் நிறுத்திவிட்டிருந்தார். காப்பீடும் வசதியும் உள்ள பெண்கள் அவர்கள். அவர்களுக்கே அப்படியென்றால், விடிந்ததும் மாவரைத்து, பேத்தியைத் தூக்கி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு தட்டின் முன் உட்காரும் நீ மூன்று அட்டையை மறைத்து வைத்ததற்கு நான் எப்படிக் கோபித்துக்கொள்வேன்?

வரும் வியாழக்கிழமை உனக்குப் பரிசோதனை. அதற்குள் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வை: எழுந்ததும் எத்தனை நிமிடம் கை விறைத்திருந்தது, இரவில் எத்தனை முறை வியர்த்து விழித்தாய், எந்தத் தேதியிலிருந்து மாத்திரையை நிறுத்தினாய். 'வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் தள்ளிவிடுவார்கள். 'நாற்பது நிமிடம் விரல் மடங்குவதில்லை, பேத்திக்குப் பொத்தான் போட முடியவில்லை' என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள். மூன்று அட்டைகளையும் கைப்பையில் எடுத்து வை. நான் புதன் இரவே வந்துவிடுகிறேன். காலையில் உனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, நானே காபி போடுகிறேன். பில்டரைத் திருகுகிற அளவுக்கு இப்போது என் கைக்குத் தெம்பிருக்கிறது.

அன்புடன்,
உன் அக்கா