எந்தக் கந்தகம் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலைக்காய், எள், மஞ்சள் என எதைப் பற்றி எழுதினாலும் வேளாண் பக்கங்களில் ‘கந்தகச் சத்தும் இடவும்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. எந்தக் கந்தகம் என்பது மட்டும் வருவதில்லை. உரக்கடையில் ஜிப்சமும் இருக்கிறது, மஞ்சள் நிறக் கந்தகத் தூளும் இருக்கிறது. மண்ணுக்குள் இரண்டும் போகும் வழி வேறு.

வேர் எடுப்பது கந்தகத்தின் கரையும் வடிவமான சல்பேட்டைத்தான். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட், அதில் அது தயாராக இருக்கிறது. ஈரம் பட்டால் கரையும். தூளையோ தயோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் சல்பேட்டாக மாற்றித் தர வேண்டும். அதற்கு ஈரம், காற்றோட்டம், சில வாரங்கள் தேவை. செடியின் அடியில் மண் அணைக்கும்போது தூளைப் போட்டால் நடப்புப் பயிருக்குப் பெரிதாக உதவாது. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40-45ஆம் நாளில் போட்டு அணைப்பதே கடலைக்காய்க்குச் சரி. காயாக மாறும் விழுது மண்ணில் இறங்கும் இடத்தில் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) சேர்ந்து கிடைப்பதால் பருப்பில்லாத பொக்குக் காயும் குறையும்.

தூள் மாறும்போது கந்தக அமிலம் உண்டாகும். அதை வைத்து ‘சுக்கான் மண்ணை’, அதாவது சுண்ணாம்பு மிகுந்த மண்ணை, ‘திருத்தும்’ என்று விற்கிறார்கள். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் 1 சதவீதம் சுண்ணாம்பு என்றாலே 9 டன். 1 கிலோ கந்தகம் கரைப்பது சுமார் 3 கிலோ சுண்ணாம்பை. அப்படியானால் 3 டன் தூள் வேண்டும்! 10 கிலோ பை வாங்கி என்ன ஆகப் போகிறது?

பற்றாக்குறை எப்படி வந்தது என்பதையும் யாராவது எழுத வேண்டும். மண்ணிலுள்ள கந்தகத்தில் பெரும்பகுதி மக்கிய பொருளில்தான் தங்கியிருக்கும். ஆட்டுப்பட்டி போடுவது குறைந்ததும், கட்டுத்தரை எரு குறைந்ததும் அந்த இருப்பைக் கரைத்தன. மேட்டாங்காட்டுச் செம்மண்ணில் சல்பேட் நிற்காது, மழையோடு கீழே இறங்கிவிடும். போதாக்குறைக்கு சூப்பர் பாஸ்பேட் உரத்தை விட்டு டிஏபிக்கு (டை அம்மோனியம் பாஸ்பேட்) மாறினோம். ஒரு மூட்டை டிஏபியின் மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) ஏறக்குறைய மூன்று மூட்டை சூப்பர் தேவை. அந்த மூன்றில் 16 கிலோ கந்தகம் இலவசமாக வந்துகொண்டிருந்தது. டிஏபியில் கந்தகம் கிடையாது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் கந்தகமும் காற்றில் ஏறி மழையோடு இறங்கத்தான் செய்கிறது, ஆனால் அதை நம்பி உரக்கணக்குப் போட முடியாது.

கொழுந்து வெளுத்தால் கந்தகக் குறை, அடியிலை வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. இதைப் பார்க்காமல் யூரியா வீசுவது இன்றும் நடக்கிறது.

கீழ்பவானிப் பாசன நெல் வயலில் கதை தலைகீழ். தண்ணீர் தேங்கிக் காற்று அற்றுப்போனால் வேறு பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம், வேர் கறுப்பு. இரும்பு குறைந்த மணல் சேற்றில் வேர் செத்தே போகும். அங்கே அம்மோனியம் சல்பேட் போடக் கூடாது. தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு வரும்வரை காயவிட்டால் புது வேர் ஓடும்.

நொய்யல் ஆற்றங்கரையில் கதை இன்னும் வேறு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணிக்குச் சாயமேற்றச் சேர்த்த சோடியம் சல்பேட் ஒரத்துப்பாளையம் அணை வரை ஓடியது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே கழிவுநீர் வெளியேற்றாத முறை இறுகியது. கிணற்று நீரில் லிட்டருக்கு 48 மில்லிகிராம் சல்பேட் இருந்தாலே, ஒரு பயிருக்கு 50 செ.மீ. பாய்ச்சும்போது ஏக்கருக்கு 32 கிலோ கந்தகம் சேர்ந்துவிடும். அந்த விவசாயி கந்தக மூட்டை எதற்கு வாங்க வேண்டும்?

மண்வள அட்டையில் கந்தகத்துக்குத் தனி வரி உண்டு. 10 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கீழே இருந்தால் மட்டுமே இடவும் என்று இனி எழுதும்போது சேருங்கள். பாசன நீரையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைப் பணியில் இருப்போர் சிலர்,
கோபி வட்டாரம்.