மூன்றாவது முறையும் நெபுலைசர் வைக்கும் முன்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு,

"நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது" என்று வரும் முப்பது வயதுப் பெண்ணுக்கு முதல் தடவை இரும்புச் சத்து மாத்திரை, அடுத்த தடவை மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால். இரண்டுக்கும் மசியவில்லை, ஹீமோகுளோபின் 12, நெஞ்சில் வீசிங் துளியும் இல்லை. நுரையீரல் தமனி உயர் அழுத்தத்தை, அதாவது நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தில் அழுத்தம் ஏறுவதை, நினைக்க வேண்டிய இடம் இதுதான். கையில் கட்டும் பிபி பட்டை இதைக் காட்டாது.

சாய்த்துப் படுக்க வைத்துக் கழுத்துச் சிரை புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தை மார்பெலும்பின் இடது ஓரத்தில் அழுத்தி வையுங்கள்; வலது கீழறை தடித்திருந்தால் துடிப்புக்குத் துடிப்பு கையைத் தூக்கும். இடப்பக்க இரண்டாம் விலா இடைவெளியில் இதயத்தின் இரண்டாம் ஒலி அறைந்தாற்போல் கேட்கும். பிறகு ஆக்சிமீட்டரை மாட்டி வராந்தாவில் நடக்க விடுங்கள். உட்கார்ந்திருக்கையில் 96 காட்டியது நடந்ததும் 88 ஆனால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப அதுவே போதும். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் பொய் சொல்லும், கவனம். வேலை செய்யும்போது மயங்கி விழுந்தவரை மட்டும் நடக்க வைக்காதீர்கள், அன்றே அனுப்புங்கள்.

ஈசிஜியில் நெஞ்சில் ஒட்டும் வி1 முனையில் ஓங்கிய ஆர் அலை, வி1 முதல் வி4 வரை கவிழ்ந்த டி அலை இருக்கலாம். அந்த டி-யைப் பார்த்து மாரடைப்பு என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. ஈசிஜி சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பரிந்துரைச் சீட்டில் 'எக்கோ' (இதய அல்ட்ராசவுண்ட்) என்று மட்டும் எழுதினால், இடது கீழறை இரத்தத்தை வெளியே தள்ளும் விகிதத்தை மட்டும் சொல்லும் 'இஎஃப் 60' என்று ஒரு வரி திரும்பி வரும். வலப்பக்க மூவிதழ் வால்வுக் கசிவின் வேகம், வலது கீழறையின் அளவு, இடது மேலறை, அதன் வாசலான மைட்ரல் வால்வு என்று கேட்டு எழுதுங்கள். கசிவு வேகம் நொடிக்கு 2.8 மீட்டரைத் தாண்டினால் சந்தேகம்; 3.4-ஐத் தாண்டினால் வலுவான சந்தேகம். உறுதி செய்வது, இதயத்தின் வலப்பக்கத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தம் அளக்கும் கதீட்டர் சோதனை. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் என்பது 2022 ஐரோப்பிய வழிகாட்டியின் வரையறை, முன்பு 25.

எங்கள் பெரிய மனக்குறை ஒன்று. எக்கோ அறிக்கையில் 'மைல்டு பிஏஎச்' (லேசான நுரையீரல் தமனி உயர் அழுத்தம்) என்று கண்டதும் நுரையீரல் நாளங்களை விரிக்கும் சில்டெனாஃபில் எழுதப்படுகிறது. அந்தச் சொல் அங்கே மதிப்பிட்ட அழுத்தத்தைத்தான் குறிக்கிறது, நோயின் பெயரை அல்ல. இந்த அழுத்தத்துக்கு மிகப் பெரிய காரணம் இடப்பக்க இதய நோய். நம் ஊரில் ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வும் அதில் சேரும். வாசல் குறுகியிருக்கும்போது நுரையீரல் நாளங்களை விரித்தால் நீர் கோத்துக்கொள்ளும். விறகடுப்புப் புகையில் கெட்ட நுரையீரலும் ஒரு காரணம். பழைய இரத்தக்கட்டிகள் காரணமென்றால் அறுவை சிகிச்சையில் குணமாகவும் வழியுண்டு. நுரையீரலில் காற்றும் இரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் வென்டிலேஷன்-பெர்ஃபியூஷன் ஸ்கேன் எடுக்காமல் அதை விட்டுவிடக் கூடாது.

சிறப்பு மருத்துவர் தொடங்கிய மருந்தோடு திரும்பி வருபவர் உங்கள் பொறுப்பு. நீர் கோக்கிறதா என்று அறிய ஒரே தராசில் எடை பாருங்கள். நீர் பிரியச் செய்யும் ஃபியூரோசமைடு கொடுத்தால் பொட்டாசியமும் பாருங்கள். சில்டெனாஃபில் எடுப்பவருக்கு நெஞ்சுவலி என்றாலும் நாக்கடியில் நைட்ரேட் வைக்காதீர்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் சில்டெனாஃபிலின் வீரியம் குறையும், அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். இதே நோய்க்குத் தரும் போசென்டன் கருவைப் பாதிக்கும், கருத்தடை மாத்திரையையும் பலனற்றதாக்கும். இந்த நோயோடு கருத்தரிப்பதே தாயின் உயிருக்கு ஆபத்து. நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். கால் வீங்கி, பிபி 80-க்கு இறங்கி வருபவருக்கு அவசரப்பட்டு அரை லிட்டர் சலைன் ஏற்றாதீர்கள். ஏற்கெனவே உப்பிய வலது கீழறை இன்னும் உப்பும், பிபி மேலும் சரியும். ஆக்சிஜன் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இதய, நுரையீரல் மருத்துவர்கள் சிலர்