செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே,

வெள்ளவத்தையில் கூடும் எமது அறிவியல் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. நூலக அலுமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கப்பட்டது. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். மற்றபடி ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கியது உப்பளக் கழிவுநீர்தான்: அதிலிருந்து மகனீசியம் ஐதரொட்சைட்டை, முடிந்தால் ‘நனோ’ எனப்படும் மிக நுண்ணிய துணிக்கைகளாக, பிரித்தெடுக்கும் முயற்சி.

புத்தளத்திலோ அம்பாந்தோட்டையிலோ ஆனையிறவிலோ உப்பை அள்ளிய பின் பாத்தியில் எஞ்சுவது கசப்பு நீர். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மகனீசியம் உண்டு. உப்பு பிரிந்த பின் அது இந்நீரில் செறிந்து நிற்கிறது. உப்பைக் குவித்து மாதக்கணக்கில் விட்டுவைப்பதே, ஒட்டியிருக்கும் மகனீசியம் குளோரைட்டு ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து போவதற்காகத்தான் என்பது உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்குத் தெரியும். 2025இல் உப்பையே இறக்குமதி செய்த நாட்டில் உப்புக் கழிவுக்கு என்ன அவசரம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனாலும் ஆய்வு தொடர்ந்தது.

கசப்பு நீரைக் கலக்கியபடியே சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைத் துளித்துளியாக விட்டோம். விழுந்த இடத்திலேயே பால் திரிந்தாற்போல மகனீசியம் ஐதரொட்சைட்டு படிந்தது. அதுவரை எல்லோருக்கும் உற்சாகம். பொறுமையைச் சோதித்தது வடித்தல்தான். வீழ்படிவு கூழாகி வடிதாளை அடைத்துக்கொண்டது. கழுவிய நீரில், குளோரைட்டு இருந்தால் வெண்மையாகக் கலங்கும் வெள்ளி நைத்திரேற்றை விட்டால் மீண்டும் மீண்டும் வெண்கலங்கல், குளோரைட்டு போனபாடில்லை. மாணவ உறுப்பினர்கள் சலிக்காமல் கழுவினார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

மகனீசியம் ஐதரொட்சைட்டு ஏறத்தாழ 350 பாகை செல்சியசில் நீராவியை விட்டு மகனீசியம் ஒட்சைட்டாகும். அப்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் தீத்தடுப்புப் பொருளாகப் பிளாத்திக்கில் சேர்க்கிறார்கள். அமிலக் கழிவுநீரை நடுநிலையாக்கவும் உதவும்.

உடனே தொழிற்சாலை தொடங்கலாம் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. சோடியம் ஐதரொட்சைட்டு விலை கூடியது. அதற்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய சுண்ணாம்பு மலிவு, ஆனால் கசப்பு நீரிலுள்ள சல்பேற்றோடு சேர்ந்து ஜிப்சத்தையும் கூடவே இழுத்து வரும். தவிர, துணிக்கை 100 நனோமீற்றருக்கு உட்பட்டதா என்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் ‘நனோ’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. கூட்டக் குறிப்பில் ‘வெண்ணிற வீழ்படிவு’ என்றே எழுதியிருக்கிறேன், சிலருக்கு வருத்தம்தான்.

மாதிரியைப் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பத் தீர்மானித்துள்ளோம். அதற்கு மேலும் கசப்பு நீர் வேண்டும். புத்தளம் செல்லும் உறுப்பினர்கள் மூடி இறுகிய பிளாத்திக் கலன்களை என்னிடம் பெற்றுக்கொள்ளவும்.

செயலாளர்
கொழும்பு 06