பேரன் விஷயமாகச் செல்விக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரேவதி மகள் கல்யாணத்தில் நம் வகுப்பில் படித்தவர்கள் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். பேரனை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று சொன்னேன். மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதியும் இஞ்சித் துவையலும் பிரமாதம். மாப்பிள்ளை வீட்டார் திருச்சிக்காரர்கள், சொதியை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சாப்பிட்டார்களாம். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இவருக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சாயங்காலம் கோயில் வரைக்கும் நடக்கிறார். மற்ற சேதிகளைக் கடைசியில் எழுதுகிறேன். உன் பேரன் கவினின் மலச்சிக்கல் விஷயம்தான் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனதில் நிற்கிறது.

நான்கைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறான், அதுவும் கெட்டியாக, ஆட்டுப் புழுக்கை மாதிரி. சில சமயம் தடித்த கட்டியாக வந்து ரத்தமும் கசிகிறது. வயிறு முட்டும்போது திரைக்குப் பின்னால் போய், குதிகாலைத் தூக்கி, உடம்பை விறைத்துக்கொண்டு முகம் சிவக்க நிற்கிறான் என்று எழுதியிருக்கிறாய். போவதற்காக முக்குகிறான் என்று நீயும் உன் மகள் நித்யாவும் நினைக்கிறீர்கள். குழந்தைகள் பிரிவில் இத்தனை வருடம் நர்ஸாக இருந்ததில் இப்படி நிற்கும் குழந்தைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவன் முக்கவில்லை, செல்வி. வெளியே வந்துவிடாமல் அடக்குகிறான். காலைப் பின்னிக்கொள்வதும் மூலையில் போய் ஒளிவதும் அதற்காகத்தான்.

என்றோ ஒருநாள் கெட்டியாகப் போய் ஆசனவாயில் கீறல் விழுந்திருக்கும். காய்ச்சல் வந்து சரியாகச் சாப்பிடாமல் கிடந்த பிறகு இருக்கலாம், தாய்ப்பாலை நிறுத்தி மாட்டுப்பாலுக்கு மாற்றியபோது இருக்கலாம். இரண்டரை வயதுக் குழந்தைக்கு அந்த வலி மறக்காது. அடுத்த தடவை வரும்போதே பயந்து உள்ளே இழுத்துக்கொள்கிறான். மலம் உள்ளே தங்கத் தங்க, பெருங்குடல் அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது இன்னும் கெட்டியாகி, பெருத்து, அடுத்த தடவை இன்னும் அதிகமாக வலிக்கும். பயமும் கூடும். இப்படியே போனால் மலக்குடல் விரிந்துபோய், நிறைந்துவிட்டது என்ற உணர்வே அவனுக்குச் சரியாகத் தெரியாமல் போகும். இந்த வயதில் வரும் மலச்சிக்கலில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. அதனால் அவனை அடம்பிடிக்கிறான் என்று திட்டாதே. நித்யாவையும் திட்டவிடாதே. வலியில்லாமல் போக முடியும் என்று அவன் உடம்பு நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வருவதற்குச் சில மாதங்கள் ஆகும்.

முதலில் ஒன்றை உரிமையோடு சொல்கிறேன். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பதை இன்றோடு விட்டுவிடு. சோப்புத் துண்டும் வேண்டாம். நம் அம்மாமார் செய்ததுதான், எனக்குத் தெரியாதா! ஆனால் ஏற்கெனவே அந்த இடத்தைத் தொட்டாலே பயப்படும் பிள்ளை அவன். கீறல் இருக்கும் இடத்தில் காம்பு குத்தும், சோப்பு எரியும், பயம் இரட்டிப்பாகும். விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பதும் கூடாது. குடலை முறுக்கி வலி உண்டாக்கும். அழுகிற குழந்தை வாயில் எண்ணெயை ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அப்படி எண்ணெய் போய் நிமோனியாவோடு வந்து படுத்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மருந்து கொடுத்தபோது ஒரு வாரம் நன்றாகப் போனான், நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது என்கிறாயே, அங்கேதான் எல்லாரும் தடுக்கிவிழுகிறார்கள். நன்றாகப் போக ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். மலம் இளகிவிட்டது, பயம் இன்னும் அப்படியே இருக்கிறது. விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கவும் நாளாகும். குறைந்தது இரண்டு மாதமாவது தொடர்ந்து கொடுக்க வேண்டும், சிக்கல் எதுவும் இல்லாமல் ஒரு மாதம் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் முறை. பல பிள்ளைகளுக்கு அதைவிட அதிக மாதங்கள் தேவைப்படும். இப்போது முதலில் எழுதிக்கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடி. தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அது ரத்தத்தில் அநேகமாகச் சேர்வதில்லை. தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கிவிட்டு அதனோடேயே வெளியே போய்விடும். லாக்டுலோஸ் சிரப்பும் உண்டு, இனிப்பாக இருக்கும், சில பிள்ளைகளுக்கு வாயு சேரும். இரண்டுமே பழக்கமாகிவிடும் மருந்துகள் இல்லை. நித்யாவுக்கு அந்தப் பயம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய், இதை அவளிடம் நான் சொன்னதாகவே சொல். அளவை மட்டும் டாக்டர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும்.

உள்ளே நிறையத் தேங்கியிருந்தால் முதல் சில நாள் கூடுதல் அளவு கொடுத்துக் குடலைக் காலி செய்வார்கள். அப்போது தண்ணியாகப் போகும், பயப்படாதீர்கள். இன்னொன்று கேள். கெட்டிப்பட்ட மலம் அடைத்திருக்கும்போது, அதன் ஓரமாகத் தண்ணீர் போன்ற மலம் கசிந்து ஜட்டியை நனைக்கும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து வீட்டில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். உண்மையில் அது மலச்சிக்கல் முற்றிய அடையாளம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உனக்கும் மகளுக்கும் இதில்தான் சண்டை என்று தெரிகிறது. நீ கொடுக்கும் பிஸ்கட்டை அவள் குறை சொல்கிறாள், அவள் கொடுக்கும் பாட்டில் பாலை நீ குறை சொல்கிறாய். பிஸ்கட் மைதா, அதைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் பால் விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல் பால் வேண்டாம். இராத்திரி தூக்கத்தில் பாட்டில், காலையில் பாட்டில், சாயங்காலம் பாட்டில் என்று வயிறு பாலால் நிறைந்துவிட்டால் பிள்ளை வேறு எதைச் சாப்பிடுவான்? இரும்புச்சத்தும் குறையும். முதலில் இராத்திரிப் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பகலில் டம்ளரில் கொடுங்கள். பாட்டிலில் குடிக்கும் அளவுக்கு டம்ளரில் குடிக்க மாட்டான், தானாகவே குறைந்துவிடும்.

நார்ச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு, வயதோடு ஐந்தைக் கூட்டினால் வரும் கிராம். இவனுக்கு ஏழு, எட்டு கிராம் போதும். அது ஒன்றும் மலை இல்லை. ஒரு நடுத்தரக் கொய்யாவிலேயே ஐந்து கிராம் கிடைத்துவிடும். விதைப்பகுதியை எடுத்துவிட்டுச் சதையை நறுக்கிக் கொடு. பப்பாளி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாசிப்பருப்போடு சேர்த்து மசித்த கீரை, கேழ்வரகுக் கூழ், பூசணிக்காய், எல்லாம் அவன் சாப்பிடக்கூடியவைதான். உலர்திராட்சையை ஊறப்போட்டு நன்றாக மசித்துக் கொடு, முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். வாழைப்பழம் நன்றாகப் பழுத்ததாக இருக்கட்டும். கூடவே தண்ணீர் குடிக்க வேண்டும், தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் இன்னும் இறுகும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன், செல்வி. அடக்கும் பழக்கம் வந்த பிறகு சாப்பாடு மட்டும் போதாது. கீரையும் பழமும் போகப்போகக் கைகொடுக்கும். இப்போது மருந்தும் வேண்டும்.

அப்புறம் உட்காரவைக்கும் விஷயம். சாப்பிட்டதும் இரைப்பை நிறைந்து, பெருங்குடல் தானாக அசைய ஆரம்பிக்கும். காலையிலும் இரவிலும் சாப்பிட்ட பிறகு கால் மணி, அரை மணி நேரத்துக்குள் உட்காரவை. ஐந்து நிமிடம் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். போனாலும் போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்காகவே பாராட்டு. உங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட், அவன் கால் அந்தரத்தில் தொங்கும். கால் ஊன்றாமல் பிள்ளைகளுக்கு எளிதாகப் போக வராது. காலுக்கடியில் ஒரு முக்காலி போடு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து இருக்க வேண்டும். நம் வீடுகளில் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழந்தையைக் குந்தவைப்பார்களே, அதுதான் உடம்புக்கு ஏற்ற நிலை. குந்தும்போது மலக்குடலைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் தசை தளர்ந்து, வழி நேராகிறது. உனக்கு இடுப்பு ஒத்துழைத்தால் அப்படியே வை, உன் காலில் உட்கார்ந்தால் அவனுக்குப் பயமும் குறையும். கையில் ஒரு ஊதலைக் கொடு, இல்லை சோப்புக் குமிழி ஊதச் சொல். ஊதும்போது வயிற்றுத் தசை தானாக அழுத்தும், அவனுக்கு முக்கச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஜூனில் ப்ளே ஸ்கூலில் சேர்க்க வேண்டும், அதற்குள் டயப்பரை நிறுத்த வேண்டும் என்று நித்யா அவசரப்படுகிறாளாமே. அந்த அவசரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல். டயப்பர் போட்டால்தான் போவேன் என்றால் போட்டுவிடுங்கள், போகட்டும். வலியில்லாமல் போவது முதலில் பழகட்டும். பிறகு டயப்பரோடு டாய்லெட்டுக்குள் நிற்பது, டயப்பரோடு உட்கார்வது என்று மெதுவாக நகர்த்தலாம்.

டாக்டரிடம் சொல்ல நித்யாவிடம் சிலவற்றைக் கேட்டுவை. பிறந்ததும் போகும் கறுப்பு மலம் இரண்டு நாளுக்குள் போனானா? அது தாமதித்திருந்தாலோ, முதல் மாதத்திலிருந்தே சிக்கல் இருந்தாலோ, குடலின் ஒரு பகுதியில் நரம்பு செல்கள் இல்லாமலே பிறந்திருக்கிறானா என்று பார்ப்பார்கள். டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அந்த நோய் வழங்குகிறது. அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. அரிதுதான், கேட்டுவைப்பதில் நஷ்டமில்லை. எடை ஏறாமல் இருப்பது, பச்சையாக வாந்தி, வயிறு உப்பி விறைப்பது, கால் பலவீனம், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள். நீ எழுதியதைப் பார்த்தால் ஓடியாடி விளையாடுகிறான், வளர்ந்திருக்கிறான், அதனால் எனக்குப் பெரிய கவலை இல்லை.

ஏட்டி, நீயும் கொஞ்சம் தூங்கு. இரவெல்லாம் அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். நித்யா வேலை முடிந்து வந்ததும் அவளிடம் விட்டுவிட்டுப் படு. இந்தப் பிரச்சினை தீர மாதக்கணக்கில் ஆகும், நடுவில் ஓரிரு தடவை திரும்பவும் வரும், அப்போது யாரையும் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். மருந்தை மறுபடி கூட்டினால் சரியாகும்.

தையில் பெரியவன் வீட்டுக்குச் சென்னை வருகிறோம். அப்போது உன்னையும் கவினையும் பார்க்காமல் திரும்ப மாட்டேன். டாக்டரைப் பார்த்ததும் என்ன மருந்து, எவ்வளவு அளவு, கவின் எடை என்ன என்று எழுது, இல்லை நித்யாவை ஒரு போன் போடச் சொல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
வசந்தா