அடிபட்ட தொடையில் எண்ணெய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் களியக்காவிளையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் நடந்த கபடிப் போட்டியில், என்னிடம் பயிற்சி எடுக்கும் பிளஸ் டூ மாணவனின் வலது தொடையில் எதிரணிப் பையனின் முட்டி பலமாக இடித்துவிட்டது. நொண்டி வெளியே வந்தவனை, நான் போய்ச் சேர்வதற்குள் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டார்கள். ஒருவர் சூடான எண்ணெயை ஊற்றி, இரண்டு பெருவிரலாலும் அழுத்தி உழிந்துகொண்டிருந்தார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். "வலிச்சாத்தான் ரத்தக்கட்டு உடையும் சார்" என்றார்கள். அங்கே நான் தடுத்தேன். ஆனால் அடுத்த இரண்டு நாளும் வீட்டில் அதே உழிச்சல், அதாவது எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது, தொடர்ந்திருக்கிறது.

ஐந்தாவது வாரத்திலும் முழங்கால் பாதிகூட மடங்கவில்லை. எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்கு முன்னால், தசைக்குள்ளே, பஞ்சுபோல ஒரு வெள்ளைத் திட்டு. தசைக்குள் எலும்பு வளர்கிறது. மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று டாக்டர் எழுதினார். அடிபட்ட தசையில் ரத்தம் கசிந்து நிற்கும்போது அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும், இப்படி எலும்பு வைக்கும் ஆபத்தும் கூடும்.

அன்று அவனுக்கு வேண்டியிருந்தது ஐஸ். மைதான வாசலிலேயே மீன் விற்கும் அம்மாவின் தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் இருந்தது. ஒரு கை அள்ளி ஈரத்துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்து, முழங்காலை வலி தாங்கும் அளவுக்கு மடக்கி, கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பியிருக்கலாம். அதைக் கேட்டு வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் உழிச்சலுக்கு எதிரி அல்ல. இருபது வயதில் பாறசாலைப் பக்கம் களரிக்குப் போனவன். கர்க்கடக (ஆடி) மாதத்தில் உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆசான் காலால் உழிந்த உடம்பு இது. அதே ஆசானிடம் ஒருமுறை வீங்கிய கணுக்காலோடு போனேன். புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு கெடக்கு மக்களே, இப்பம் எண்ணெ தொடப்பிடாது. வீக்கம் வத்தட்டும், பொறவு வா" என்று திருப்பி அனுப்பினார். உழிச்சல் தெரிந்தவர் கை அப்படித்தான் இருக்கும்.

விளையாடிய மறுநாள் வரும் தசைவலிக்கு இதமான மசாஜ் நல்லது. வலி குறையும், உடம்பு கொஞ்சம் இளகும். அதனால் ஓட்டம் வேகமாகும் என்று நம்ப வேண்டாம். மசாஜ் செய்தால்தான் லாக்டிக் அமிலம் இறங்கும் என்பதும் சரியல்ல, அது ஒரு மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். இன்னொன்று: ஒரு கெண்டைக்கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது. ரத்தநாளத்தில் உறைவு இருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஃபிளெக்ஸுக்கும் சவுண்டு செட்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கிற கமிட்டிக்காரர்கள் ஒரு ஐஸ் பெட்டியும், நாலு கிரேப் பேண்டேஜும், அன்று ஒரு நாளைக்கு ஒரு பிசியோதெரபிஸ்டும் ஏற்பாடு செய்ய வேண்டும். என் மாணவன் இந்த ஆண்டு மாவட்ட அணித் தேர்வுக்குப் போகவில்லை. தினமும் காலையில் குப்புறப் படுத்து, குதிகால் எவ்வளவு தூரம் மேலே வருகிறது என்று தம்பியை வைத்து ஸ்கேலால் அளக்கிறான்.

ஓணப் போட்டிகள் கேரள எல்லைக்கு இரு பக்கமும் தொடங்கப்போகின்றன. அதற்கு முன் இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.